ஒத்துக்கொண்ட ஈரல்

முத்துச்செல்விக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் ஹெப்சிபா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டரம்மா. வேற யாரோட சீட்டாவது மாறி வந்திருக்கும்."

"மாறலைம்மா. உங்க பேரு, உங்க கைரேகை, உங்க ஈரல்தான்." டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "கல்லீரல் தழும்பு, நாலாம் நிலை. காரணம் மது. தழும்போட வயசு பதினோரு வருஷத்துக்கு மேல. உறுதி, நூத்துக்குத் தொண்ணூத்தேழு."

கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகச் சத்துணவு அமைப்பாளராக இருப்பவள் முத்துச்செல்வி. பிள்ளைகளுக்குச் 'சத்துணவு டீச்சர்'. ஒல்லியான உடம்பு, பத்து வருடச் சர்க்கரை. குடி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு பற்றி எரியும். கட்டிக்கொண்டவர் பன்னிரண்டு வருடம் குடித்தவர். அவர் ஒளித்து வைத்த பாட்டில்களை அவள் எத்தனை தடவை சாக்கடையில் கவிழ்த்தாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

அந்த மிஷின் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கையில் ஒரு ஊசி போட்டுப் படுக்கவைத்து, விலா இடுக்கில் அகப்பைக் காம்பு போன்ற ஒன்றை வைத்து அழுத்துவார்கள். இருபது நிமிடத்தில் ஈரலில் எத்தனை தழும்பு, எந்த வருடம் விழுந்தது, எதனால் விழுந்தது என்று அச்சடித்துக் கொடுத்துவிடும். அதற்குச் சர்க்கார் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் அதை 'ஈரல் ஜாதகம்' என்றார்கள்.

"தழும்புன்னா என்ன டாக்டரம்மா? எனக்கு விழுந்து அடிபட்டது கூட இல்லையே."

டாக்டர் அவளுடைய முன்னங்கையைத் தொட்டார். அண்டா விளிம்பு பட்டுப் பட்டுக் கறுத்த கோடுகள் அங்கே வரிசையாக இருந்தன. "இந்த இடத்துல தோல் எப்படி இருக்கு? மடங்குதா? வேர்க்குதா?"

"அது செத்த தோல்."

"உள்ளேயும் அப்படித்தான். ஈரலுக்கு அடிபட்டா அதுவே நார் விட்டு ஒட்டுப் போட்டுக்கும். நல்லதுதான். ஆனா அடி ஓயவே இல்லைன்னா ஒட்டு மேல ஒட்டு விழும். கடைசியில ஈரல் இருக்கவேண்டிய இடத்துல ஒட்டுதான் இருக்கும். ரத்தம் உள்ளே போக வழி இல்லாம பின்னால தேங்கும். வயித்துல நீர் கோக்கும். உணவுக்குழாய்ல நரம்பு புடைச்சு வெடிக்கும்."

"அடின்னா குடி மட்டும்தானா?"

"குடி, மஞ்சள்காமாலைக் கிருமி, கொழுப்பு, சர்க்கரை, சில மருந்து, பிறவிக் கோளாறு. எத்தனையோ இருக்கு."

"எனக்குத்தான் சர்க்கரை இருக்கே!"

"அதை மிஷினும் பார்த்துச்சு. பார்த்துட்டுத்தான் மதுன்னு சொல்லியிருக்கு."

தன் அம்மா காலத்தில் இப்படி ஒரு பேச்சுக்கே இடமில்லை என்றார் டாக்டர். அப்போதெல்லாம் காரணத்தை நிறுத்துவார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பார்கள். லேசான தழும்பு சிலருக்குத் தானாக இளகும். முற்றியதற்கு ஈரலையே மாற்றவேண்டும், அது எல்லாருக்கும் வாய்க்காது. இப்போது கரைப்பு ஊசி வந்துவிட்டது. மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு. நாலாம் நிலைத் தழும்பையும் கரைத்துவிடும். உயிருள்ள செல்லில் வளர்த்து எடுக்கும் மருந்து என்பதால் வேண்டிய அளவு கிடைப்பதில்லை. அதனால்தான் வரிசை.

"கிருமியும் பிறவிக் கோளாறும் முதல் வரிசை. கொழுப்பு ரெண்டாவது. மது மூணாவது."

"சரி, மூணாவதுலயே நிக்கிறேன். எப்ப வரும்?"

டாக்டர் மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நகர்த்தினார். "மூணாவது வரிசையில நிக்கணும்னா குடிச்சேன்னு ஒத்துக்கிட்டு எழுதிக்கொடுக்கணும். எழுதிக்கொடுத்தாத்தான் திருந்த வழி இருக்குன்னு சட்டம். ஒத்துக்காதவங்களுக்கு வரிசையே கிடையாது."

"குடிக்கலைன்னு நான் எப்படிக் காட்டுறது? ரத்தத்தை எடுத்துப் பாருங்க!"

"ரத்தம் போன மாசத்தைச் சொல்லும்மா. பத்து வருஷத்துக்கு முந்தினதைச் சொல்லாது. அதுக்குத்தான் மிஷின்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

*

கணவர் பரமசிவன் மறுநாளே சட்டை மாற்றிக்கொண்டு கல்லீரல் மையத்துக்குப் போனார். குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது அவருக்கு. அவரையும் சோதித்தார்கள், ஜாதகத்தில் ஈரல் சுத்தம் என்று வந்தது. குடித்த எல்லாருக்கும் தழும்பு விழுவதில்லையாம், அது அவரவர் உடம்பு வாகு என்றார்கள்.

"எங்க வீட்டுல குடிச்சது நான் ஒருத்தன்தாங்க. அவ என்னைத் திருத்துனவ. அவளைப் போய்…" என்று விசாரணை மேஜையில் ஆரம்பித்தாராம். அங்கிருந்த அதிகாரி அவருடைய பழைய பதிவைத் திறந்து பார்த்தார். "பன்னிரண்டு வருஷம் வீட்டுல பாட்டில் இருந்திருக்கு, இல்லையா?" என்று கேட்டு, முத்துச்செல்வியின் தாளில் ஒரு வரி சேர்த்தார். 'வீட்டில் மது எளிதாகக் கிடைத்துள்ளது, கணவர் ஒப்புதல்.'

பரமசிவன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "சாட்சி சொல்லப் போய் உனக்குக் குழி வெட்டிட்டு வந்துட்டேன் செல்வி."

அதைத் தாங்கிக்கொண்டாள். மகள் சொன்னதைத்தான் தாங்கமுடியவில்லை.

இளவெயினி தூத்துக்குடியில் துறைமுகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, தாளை முழுக்கப் படித்துவிட்டு, ரொம்ப நிதானமாகக் கேட்டாள். "யம்மா, அப்பா குடிச்ச காலத்துல நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு நாள் ரெண்டு நாள், மனசு வெறுத்துப் போய், நீயும் எடுத்திருந்தா நான் தப்பாவே நினைக்கமாட்டேன்."

"என்னட்டி சொல்லுத?"

"மிஷினுக்கு உன் மேல என்ன பகையா? அது ஏம்மா பொய் சொல்லணும்?"

முத்துச்செல்வி தாளை வாங்கி மடித்து வைத்தாள். தன் வயிற்றில் பிறந்தவள், தன் கையால் ஊட்டிய சோற்றில் வளர்ந்தவள், விலா இடுக்கில் இருபது நிமிடம் இருந்த ஒரு காம்பின் பேச்சை நம்பிவிட்டாளே என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

*

ஆடி மாதக் கடைசியில் ஒரு மதியம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். முத்துச்செல்வி சாம்பாரைக் கிளறிக்கொண்டே இருந்தவள் தொண்டையில் வெதுவெதுப்பாக ஏதோ ஏறுவதை உணர்ந்தாள். கை கழுவும் தொட்டிக்கு ஓடினாள். வாய் நிறைய ரத்தம். பிறகும் ரத்தம். தொட்டி சிவந்துபோவதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் குழாயை உள்ளே விட்டு, வெடித்த நரம்புக்கு வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் ஹெப்சிபா கட்டிலுக்கு அருகே வந்து நின்றார்.

"அடுத்த தடவை இப்படி நிறுத்தமுடியும்னு நான் சொல்லமாட்டேன். ஊசி இல்லைன்னா ஒரு வருஷம்." குரலை இறக்கினார். "படிவத்தை நான் படிச்சுப் பார்க்கிறதில்லைம்மா. கையெழுத்து இருக்கான்னு மட்டும்தான் பார்ப்பேன்."

படிவத்தில் இருபத்தாறு கேள்விகள். எந்த வருடம் தொடங்கினீர்கள், என்ன சரக்கு, எவ்வளவு, யாரோடு, எதில் கலந்து. கையெழுத்து மட்டும் போதாது, விசாரணை மேஜையில் வாயாலும் சொல்லவேண்டும். தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பரமசிவன் அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டார். காலையில் தொடங்கினார்கள்.

"முதல் தடவை குடிக்கும்போது எப்படி இருந்துச்சு?"

"கசந்துச்சு."

"கசப்பு இல்ல, எரியும். தொண்டையில இருந்து நெஞ்சு வரைக்கும் கோடு போட்ட மாதிரி எரியும். அப்புறம் காது சூடாகும். எதுல கலந்து குடிச்ச?"

"மோருல."

"மோருல யாராவது கலப்பாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். வளையம் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அழாதீங்க. நேரமாகுது. அடுத்த கேள்வி கேளுங்க," என்றாள் முத்துச்செல்வி.

வெள்ளிக்கிழமை விசாரணை மேஜையில் அவள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. தண்ணீரில் கலந்து, கணவர் தூங்கிய பிறகு, வாரத்தில் நாலு நாள். ஊறுகாயோடு.

*

ஊசி வேலை செய்தது. அதை மறுப்பதற்கில்லை. மூன்றாவது ஊசியில் கால் வீக்கம் வடிந்தது. ஆறாவதில் கண்ணின் மஞ்சள் போனது. ஈரலின் இறுக்கத்தைச் சொல்லும் எண் முப்பத்தொன்றிலிருந்து பதினான்குக்கு இறங்கியது. கண்ணாடியில் பார்க்கும்போது பழைய முத்துச்செல்வி மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள் இங்கே அவளுக்கு வைத்திருந்த இடம்தான் போய்விட்டது. தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டு, நேராக முகம் பார்க்காமல் சொன்னார். "பெத்தவங்க கேக்குறாங்க டீச்சர். பிள்ளைக சாப்பிடுற சாப்பாடு… தப்பா எடுத்துக்காதீங்க." ஒன்றிய அலுவலகத்தில் பழைய கோப்புகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். தெருவில் எதிர்ப்படும் பெண்கள் சிரித்தார்கள். அவள் கடந்து போனதும் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தார்கள். நின்று பேசுகிறவர்கள் அனுதாபத்தோடு பேசினார்கள். அதுதான் கூடுதலாக வலித்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மையத்து அரங்கில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எழுந்து நின்று தங்கள் குடிக்கதையைச் சொல்லவேண்டும் என்பது விதி. முத்துச்செல்வி நன்றாகச் சொல்கிறாள் என்று அவள் பேச்சைப் படம்பிடித்து மையத்தின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். 'தொண்டையிலிருந்து நெஞ்சு வரைக்கும் கோடு போட்ட மாதிரி எரியும்' என்று அவள் சொல்லும் இடத்தில் நிறையப் பேர் அழுதார்களாம்.

எட்டாவது ஊசிக்குப் போனபோது சுவரில் புதிதாக ஒரு விளம்பரத்தாள் ஒட்டியிருந்தது. 'பெண்களின் ஈரலில் ஒருமுறைகூடத் தவறாத கருவி.' கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் டாக்டரிடம் கேட்டாள்.

"ஒருமுறைகூடத் தவறலைன்னு எப்படிச் சொல்றாங்க டாக்டரம்மா?"

"ஆரம்பத்துல எங்களுக்கே சந்தேகம் இருந்துச்சு. கொழுப்பால வர்ற தழும்பும் குடியால வர்ற தழும்பும் அக்கா தங்கச்சி மாதிரி. சதையை எடுத்து பூதக்கண்ணாடியில வச்சுப் பார்த்தாலும் பல நேரம் பிரிச்சுச் சொல்லமுடியாது. அதுலயும் ஒல்லியா, சர்க்கரையோட இருக்கிற பொம்பளைங்க விஷயத்துல மிஷின் குழம்புதோன்னு நாலைஞ்சு டாக்டருங்க எழுதிப் போட்டோம். சரிபார்த்துட்டாங்க."

"எப்படிச் சரிபார்த்தாங்க?"

டாக்டர் குழாயைத் திருகிச் சொட்டின் வேகத்தைக் குறைத்தார். தேவையில்லாமல்தான் குறைத்தார். "மதுன்னு மிஷின் சொன்ன பொம்பளைங்க கிட்ட கேட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் நானூத்துப் பன்னிரண்டு பேர். நானூத்துப் பன்னிரண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்காதவங்க?"

"அவங்கதான் வரிசையிலேயே இல்லையேம்மா. வரிசையில இல்லாதவங்க எண்ணிக்கையில வரமாட்டாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர்தான் முதலில் பார்வையை எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் எத்தனை கணவன்மார் எதிரே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார்களோ என்று முத்துச்செல்வி நினைத்தாள்.

*

பத்து நாள் கழித்து இளவெயினி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கையில் தாள்.

கம்பெனியில் வருடாந்தரச் சோதனை. கல்லீரல் தழும்பு, இரண்டாம் நிலை. காரணம் மது. உறுதி தொண்ணூற்றெட்டு. கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'தாய்க்கும் இதே காரணம், தாயார் ஒப்புதல் அளித்துள்ளார்.'

"யம்மா," என்றாள். "நான் தொட்டதுகூட இல்லம்மா."

"தெரியும்."

"ஒருநாள்கூட… ஆபீஸ் விருந்துல எல்லாரும் எடுக்கும்போதுகூட…"

"தெரியும்டி. உள்ள வா."

இளவெயினி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. "நீயும் தொட்டதில்ல. இல்லையாம்மா?" என்று கேட்டாள். முத்துச்செல்வி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். கேட்கவேண்டிய கேள்வியை ஒரு வருடம் தாமதமாகக் கேட்கிறாள், கேட்டாளே அதுவே போதும் என்றிருந்தது.

கம்பெனி இரண்டு வாரம் கொடுத்திருந்தது. ஒத்துக்கொண்டு சிகிச்சைக்குப் போனால் வேலை நிலைக்கும். மறைத்தால் போகும்.

"எதுலயும் கையெழுத்துப் போடாத," என்றாள் முத்துச்செல்வி. "நான் டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வாரேன். ஒரு வாரம் பொறுத்துக்கோ."

"நீ போய் என்ன பேசப்போற? உனக்கு இன்னும் நாலு ஊசி இருக்கு. அதைக் கெடுத்துக்காத."

"சும்மா கேட்டுட்டு வாரேன்."

மறுநாள் டாக்டர் ஹெப்சிபா மகளின் தாளையும் தாயின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது குடி இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வாகு. உங்க பரம்பரையில ஏதோ ஒண்ணு, மெலிஞ்ச உடம்புலயும் ஈரல்ல கொழுப்பைச் சேர்க்குது. மிஷின் அதைக் குடின்னு படிக்குது."

"அதை எழுதிக்கொடுங்க."

"நான் எழுதினா செல்லாது. ஆனா விதியில ஒரே ஒரு வரி இருக்கு. பெத்தவளும் பெத்த பிள்ளையும் ரெண்டு பேருமே மறுத்தா, பரம்பரைச் சோதனை செஞ்சே ஆகணும். அதை மேல யாராலயும் தள்ளமுடியாது. ஒருத்தருக்கு நிரூபணமானாப் போதும், இந்த மிஷினையே நிறுத்திவச்சுப் பார்க்கவேண்டி வரும்." அவர் அவளுடைய தாளைத் தொட்டுக் காட்டினார். "மகள் இன்னும் ஒத்துக்கலை. நீங்க ஒத்துக்கிட்டீங்க."

"வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாங்கினா அதே நிமிஷம் ஊசி நிக்கும். கொடுத்த ஒப்புதலை மறுக்கிறது திரும்பக் குடிக்க ஆரம்பிச்சதுக்கு அறிகுறின்னு வச்சிருக்காங்க. சோதனை முடிஞ்சு தீர்ப்பு வர ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகலாம். உங்க தழும்பு பாதிதான் கரைஞ்சிருக்கு. சர்க்கரை உள்ளே அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். திரும்ப இறுகும்மா. உங்களுக்கு அவ்வளவு காலம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

"எம்மகளுக்கு இருக்கும் இல்ல?"

டாக்டர் இழுப்பறையைத் திறந்தார். வாபஸ் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

இதில் ஒரே ஒரு கேள்விதான். 'மறுப்பதற்கான காரணம்.' முத்துச்செல்வி யோசிக்கவே இல்லை. 'நான் குடித்ததில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திரையில் அவள் பெயருக்கு எதிரே பச்சை அணைந்து சிவப்பு வந்தது. வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு தாளில் உண்மையை எழுதியிருக்கிறாள். பஸ் நிலையத்தில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் இளவெயினி சமைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"என்னட்டி, இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"லீவு போட்டேன். தூத்துக்குடி மையத்துக்குப் போயிட்டு வந்தேன்மா." அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "நீ எனக்காகப் போய் எதையாவது மறுத்துப் பேசி, உன் ஊசியை நிறுத்திட்டாங்கன்னா? ராத்திரி முழுக்க அதே நினைப்பு. அதான் நானே முந்திக்கிட்டேன். கையெழுத்துப் போட்டாச்சு."

முத்துச்செல்வி கையிலிருந்த பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"மேஜையில கேட்டதுக்கு எல்லாம் பயப்படாமச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? உன் வீடியோவைத்தான் நாலு தடவை பார்த்துட்டுப் போனேன். தொண்டையில இருந்து நெஞ்சு வரைக்கும் எரியும்னு சொன்னேன். அந்த அதிகாரி தலையை ஆட்டினாரு. பொம்பளைகள்ல நான் நானூத்துப் பதிமூணாவது ஆளாம்." அவள் சிரிக்க முயன்றாள். "போகட்டும்மா. ரெண்டு பேரும் உசுரோட இருப்போம். நீ என்ன, போன காரியம் என்ன ஆச்சு? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றாள் முத்துச்செல்வி. "கூட்டமா இருந்துச்சு. பார்க்காமலே வந்துட்டேன்."

"அதுவும் நல்லதுதான்."

முத்துச்செல்வி மெதுவாக நடந்து வந்து மகளின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"உனக்கு முதல் ஊசி என்னைக்கு?"

"புதன்கிழமை."

"சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்துல போட்டா தலை சுத்தும்."